பூண்டுலோயாத் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்: ஆவணியில் கொத்மலைக் கரையில் ஒரு தூண்டில் நாள்

டன்சினன், ஷீன், ஹெரோ, ஈட்டன், கைப்புகலை முதலிய தோட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் தாய்மார், தந்தையர், முதியோர், இளைஞர் மன்றத்தார் ஆகியோரின் மேலான கவனத்துக்கு.



பூண்டுலோயாவின் சரிவுகளில் பெய்யும் மழை, டன்சினன் நீர்வீழ்ச்சியாக ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, ஊருக்குப் பெயர் தந்த ஆறாக ஓடி, கொத்மலை ஓயாவோடு கலந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது. அங்கே மின்சாரம் பிறப்பித்த பின் அதே நீர் மகாவலி கங்கையில் இறங்கி, 1976ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பொல்கொல்லத் திசைதிருப்பல் அணையின் வழியாக, அதாவது ஆற்றின் ஒரு பகுதியைச் சுரங்கவழியில் வேறு திசைக்குத் திருப்பும் அணையின் வழியாக, மாத்தளைக்கும் அதற்கப்பால் அநுராதபுர மாவட்டத்து வயல்களுக்கும் போகின்றது. நாட்டின் விளக்குக்கும் சோற்றுக்கும் உதவும் இந்த நீரின் தலைமாட்டில் தலைமுறைகளாக வாழும் தோட்டக் குடும்பங்களுக்கு, அந்நீரின் கரையில் பிள்ளைகளோடு ஓய்வாக அமரும் ஒரு நாள் மட்டும் அரிதாகவே வாய்க்கின்றது. அந்த ஒரு நாளை இவ்வாண்டு ஆவணியில் திட்டமிட்டு அமைத்துக்கொள்ளுமாறு இம்மடல் கேட்டுக்கொள்கின்றது. அந்நாளில் தூண்டில் இருக்கலாம், மீனும் கிடைக்கலாம். ஆயினும் அதன் முதன்மைப் பயன் குடும்பம் முழுவதும் சேர்ந்திருப்பதே என்பதும், அவ்வாறு சேர்ந்திருப்பது இடையூறின்றி நிறைவேற வேண்டுமானால் நாள், நீர், அனுமதி, பாதுகாப்பு, வேலைப் பங்கீடு ஆகியவை புறப்படுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும் என்பதுமே இங்குச் சொல்லப்படுவதன் சாரம்.

இதில் ஒரு வரலாற்று நியாயமும் அடங்கியிருக்கின்றது. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பலர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்; அப்பகுதிகளின் ஊர்களில் கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது ஊரார் அனைவரும் ஒரே வேளையில் இறங்கி, ஊத்தா என்ற அடியில்லாக் கூடையாலும் கச்சா என்ற கைவலையாலும் மீன் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் நடைபெறுகின்றது. கடல் கடந்து மலையேறிய மக்களுக்கு அத்தகைய ஊர்க்கண்மாய் கிடைக்கவில்லை. லயத்துச் சமையலறைக்கு மீன் என்பது பெரும்பாலும் கருவாடாகவும் நெத்தலியாகவும் பிற்காலத்தில் டின்மீனாகவுமே வந்தது. அதே மலையில் மீன்பிடித்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தோட்டத் துரைமாரே. பிரித்தானியர் 1880களில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நுவரெலியாவின் ஓடைகளில் விட்டனர். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், நுவரெலியாவில் அமைக்கப்பட்ட கிரகரி வாவியும் அந்த ஓய்வு வாழ்க்கையின் ஓர் அங்கமாயிற்று. கொழுந்து நிறுத்துத் தீர்ந்ததும் வீட்டு வேலை தொடங்கும் குடும்பங்களுக்கு அந்த ஓடைக்கரைகளில் இடமிருக்கவில்லை. ஆகவே இன்று ஒரு தோட்டக் குடும்பம் தூண்டிலோடு நீர்க்கரைக்குச் செல்வதை வெறும் உல்லாசமாக எண்ணுவதற்கில்லை. நெடுங்காலம் பிறருக்கே உரியதாயிருந்த ஓய்வில் தனக்குரிய பங்கை அது பெற்றுக்கொள்கின்றது.

நாள் எது என்பது முதற் கேள்வி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் தூண்டிற்காரர் இலையுதிர்காலத்தின் தொடக்கத்தை விரும்புவதற்கு ஓர் இயற்கைக் காரணம் உண்டு. கோடையில் அந்நாட்டு ஏரிகளின் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். செப்டம்பர் முதல் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழிறங்க, அடுக்குகள் மெல்லக் கலந்து, உயிர்வளி ஏரி முழுவதும் பரவி, மீன்கள் இரைதேடிக் கரையோரம் வரும். மலையகத்தில் இலை உதிரும் பருவம் இல்லை. இங்கே காலத்தை வகுப்பவை மழைக்காற்றுகள். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைத்து நீர்த்தேக்கங்களை நிரப்புகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களாகிய இடைப்பருவத்தில், அதாவது ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது வலுப்பெறும் இடைவெளியில், பிற்பகல்தோறும் இடிமழை வழக்கமாகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, பெருமழையின் வேகம் தணிந்து இடிமழை இன்னும் முற்றாகத் தொடங்காத செப்டம்பர் முற்பகுதியே கரைப்பயணத்துக்கு ஏற்ற காலம். அப்போது கொத்மலை பொதுவாக நீர் மிகுந்திருக்கும்; கரையோரப் புல்லும் புதரும் நீரில் மூழ்கி, பூச்சியும் புழுவும் மிதக்கும் அவ்விடங்களுக்கு மீன்கள் மேய வரும்.

தமிழ் நாட்காட்டியும் இதே முடிவையே தருகின்றது. செப்டம்பர் 17 அளவில் புரட்டாசி பிறந்துவிட்டால், பல வீடுகளில் மாதம் முழுவதும், வேறு பல வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் நவராத்திரி நாட்களிலும், மீனும் இறைச்சியும் விலக்கப்படுகின்றன. வீட்டுப் பாட்டி விரதமிருக்கும் வாரத்தில் மீன் பிடித்து வருவது குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கும். எனவே ஆவணியின் கடைசி ஞாயிறுகளில் ஒன்றைத் தேர்வது நன்று. ஞாயிறாக இருந்தால் எவருக்கும் அந்நாளின் பேர், அதாவது நாட்சம்பளப் பதிவு, கெடாது. கொழுந்து குறைந்ததால் அரைப்பேர் விழுந்தது என்ற மனக்குறையோடு எந்தத் தாயும் கரையில் அமர வேண்டியதில்லை. போயா நாளான பௌர்ணமியைத் தவிர்ப்பதும் முறை. கொத்மலைக் கரையில் வாழ்வோர் பெரும்பாலும் சிங்கள பௌத்தர்கள். உயிர்க்கொலை தவிர்த்துச் சில் அனுட்டிக்கும், அதாவது நோன்பு மேற்கொள்ளும், அவர்களது புனித நாளில் அவர்களின் விகாரைக்கு எதிரே தூண்டில் வீசுவது அயலுறவுக்கு அழகன்று.

அடுத்தது நீரைத் தேர்தல். இலங்கையில், ஆற்றுச் சமவெளிகளிலுள்ள வில்லு எனப்படும் பள்ளநீர்நிலைகளைத் தவிர, இயற்கையான நன்னீர் ஏரி கிடையாது என்றே சொல்லலாம். மலையகத்தில் ஏரிபோலத் தோன்றும் பெரும் நீர்ப்பரப்புகள் யாவும் மனிதர் அணைகட்டித் தேக்கியவை. கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீயும், மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலையும் 1960களில் உருவாயின. மவுசாகலையின் கீழே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது, நீர் வெகுவாகக் குறையும் காலங்களில் அதன் பழைய கோயிலின் எச்சங்கள் வெளித்தெரிகின்றன. தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு முதல் இயங்கும் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற் மின்சாரம் தருவது. அதன் தேக்கம் மிகச் சிறியது. பூண்டுலோயாவுக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 703 மீற்றர் உயரம் வரை நீர் நிற்கக்கூடிய கொத்மலை நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 87 மீற்றர் உயரமுள்ள அதன் கற்குவை அணை ஏறத்தாழ 174 மில்லியன் கனமீற்றர் நீரைத் தாங்குகின்றது. அந்த நீரின் அடியில் கிராமங்களும் வயல்களும் கடதொர விகாரை போன்ற வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் அங்கிருந்து பெயர்ந்து சென்றன. தம் வீட்டைவிட்டு எழும்ப நேர்ந்தவர்களின் வலியைத் தோட்ட மக்கள் நன்கு அறிவர். அந்த அறிவோடு கரையை அணுகினால், எங்கே அமரலாம், எதைத் தொடக்கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கும்.

இவற்றுள் குடும்பப் பயணத்துக்குக் கொத்மலையே பொருத்தமானது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பநிலை. நுவரெலியாவின் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் நீர் குளிர்ந்திருப்பதால் எளிதில் தூண்டிலுக்கு வரும் திலாப்பியா அங்குச் செழிப்பதில்லை. கொத்மலையின் இதமான நீரிலோ அது நன்றாக வளர்கின்றது. இரண்டாவது நீர்மட்டத்தின் நிதானம். மேல் கொத்மலை போன்ற சிறு தேக்கத்தில், மின்சாரத் தேவை உச்சமடையும் வேளைகளில் நீர் எடுக்கப்படுவதால், ஒரே நாளுக்குள் மட்டம் ஏறி இறங்குகின்றது. காலையில் பிள்ளைகள் அமர்ந்த இடம் மாலையில் நீருக்குள் போய்விடக்கூடும். பெரிய தேக்கமான கொத்மலையில் இந்த ஏற்ற இறக்கம் மெதுவானது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: மேல் கொத்மலையின் மின்நிலையத்திலிருந்து வெளியேறும் நீரும், மழை மிகும்போது அதன் வான்கதவுகள் வழியே, அதாவது மிகைநீரை வெளியேற்றும் கதவுகள் வழியே, பாயும் வெள்ளமும் கொத்மலை ஓயா ஊடாக இந்தத் தேக்கத்தின் தலைப்பகுதிக்கே வந்து சேருகின்றன. ஆகவே ஓயா தேக்கத்தில் நுழையும் முகத்துவாரத்திலும், ஆற்றின் நடுவிலுள்ள பாறைகளிலும், எந்த அணையின் கீழ்ப்புறத்திலும் குடும்பத்தார் அமரவே கூடாது. ஆற்றுப்பாறையில் நிற்பவருக்கு வானம் வெளுத்திருக்கும். மலைக்கு மேலே பெய்த மழையோ, திறக்கப்பட்ட கதவோ, அதற்குள் நீரை அனுப்பியிருக்கும். நீர்த்தேக்கத்தின் அகன்ற பக்கக் கரையில், ஓயாவிலிருந்து விலகி, மேட்டுக்கு ஏறும் பாதை முதுகுப்புறம் இருக்கும் இடமே உகந்தது.

அந்த நீரும் அதிலுள்ள மீனும் எவருடைய பொறுப்பில் இருக்கின்றன என்பதையும் அறிந்துகொள்வது நன்று. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாவலி அதிகாரசபை கொத்மலை அணைக்கும் அதன் கரைக் காப்புநிலத்துக்கும் பொறுப்பானது. மீன்வளம், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்துக்கும், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டு நக்டா என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் அதிகாரசபையின் மேற்பார்வைக்கும் உட்பட்டது. நன்னீர் மீன்குஞ்சுகளை உற்பத்தி செய்து நீர்நிலைகளில் இடுவதும் அந்த அதிகாரசபையின் பணி. நன்னீர் மீன்பிடிக்கு அரசு அளித்துவந்த ஆதரவு 1990ஆம் ஆண்டில் சமயக் காரணங்களை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, 1994ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழங்கப்பட்டது. குஞ்சு இடுவோரும் கண்காணிப்போரும் இல்லாமற்போன அந்தச் சில ஆண்டுகள் பல நீர்த்தேக்கங்களின் மீன்வளத்தையும் அதை நம்பியிருந்த மீனவரின் வாழ்வையும் தாக்கின. ஒரு நீர்நிலையில் மீன் இருப்பது தற்செயல் என்று கருதுவோர்க்கு இந்த வரலாறு போதிய விடையாகும். வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். வலையும் படகும் கொண்டு தொழில் செய்வோர் அனுமதிப்பத்திரம் பெற்றே இறங்குகின்றனர். தூண்டிலோடு மட்டும் செல்லும் குடும்பமும் ஒரு வாரம் முன்னதாகவே மகாவலி அலுவலகத்திலும் கரையூரின் மீனவர் சங்கத்திலும் பேசி, எந்தக் கரையில் அமரலாம் எனக் கேட்டு, இணக்கம் பெற்றுக்கொள்வது கட்டாயம். கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏரிக்குப் போகுமுன் தூண்டில் அனுமதிப்பத்திரம் எடுப்பதும், எந்த மீனை எத்தனை எடுக்கலாம் என்ற வரையறையைப் படித்தறிவதும் வழக்கம். அங்கே 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் 65 வயதை எட்டிய முதியோருக்கும் கட்டணப் பத்திரம் தேவையில்லை என்ற சலுகை இருப்பினும், எடுக்கும் அளவுக்கு வரம்பு அனைவருக்கும் உண்டு. விதிகளை அறிந்து செல்வதால் மகிழ்ச்சி குறைவதில்லை என்பதற்கு அது சான்று.

கரைக்குத் தேவைப்படும் கருவிகள் மிகச் சில. நேரான மூங்கிற் கம்பு, தூண்டில் நூல், சிறிய முள், முள்ளுக்குச் சற்று மேலே ஒரு சிறு ஈயக்குண்டு, நூல் நீரில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை நிறுத்தும் தக்கை ஆகிய ஐந்தும் இருந்தால் ஒரு பிள்ளைக்குப் போதும். திலாப்பியாவின் வாய் சிறியதாகையால் பெரிய முள் பயனற்றது. இரைக்கு மாட்டுப்பட்டியின் எருக்குழி ஓரத்தில் கிண்டியெடுத்த மண்புழுவோ, ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவில் ஒரு பிடியோ போதுமானது. மா உருண்டை முள்ளின் நுனியை மட்டும் மறைக்கும் அளவில் இருத்தல் வேண்டும், பெரிதாக இருந்தால் மீன் ஓரத்தைக் கடித்துக் கரைத்துவிட்டுப் போய்விடும். தக்கை ஒரு முறை ஆடியதும் கம்பைத் தூக்குவது பிள்ளைகளின் இயல்பு. தக்கை சாய்ந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கும் வரை பொறுத்திருக்கக் கற்பிப்பதே அன்றைய முதற் பாடம். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையான வேளையே இரையெடுப்புக்குச் சிறந்தது. வெயில் ஏறியபின் மீன் ஆழத்துக்கு இறங்குகின்றது, பிள்ளைகளும் களைத்துவிடுகின்றனர்.

தூண்டில் வீசுவதற்கு முன் கரையோர நீரைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதனினும் நன்று. தெளிந்த ஆழமற்ற இடத்தில், மண்தரையில், தட்டளவான வட்டக் குழிகள் அடுத்தடுத்து இருக்கக் காணலாம். அவை ஆண் திலாப்பியா வாயால் மண்ணை அள்ளித் துப்பி அமைத்த முட்டைக் குழிகள். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் எடுத்துக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும் வரை இரண்டு மூன்று வாரங்கள் ஏறத்தாழ இரையின்றியே காக்கின்றது. குஞ்சுகள் வெளியே வந்த பின்னும் நிழல் அசைந்தால் கூட்டமாகத் தாயின் வாய்க்குள் திரும்பிவிடுகின்றன. இந்த வாய்க்காப்பு, அதாவது வாயில் வைத்து இனத்தைப் பேணும் இயல்பே, 1950களின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மீன் இலங்கையின் நீர்நிலைகளில் வெகு விரைவாகப் பரவியதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தூண்டிலில் வந்த மீனின் தாடை புடைத்து, வாய்க்குள் மஞ்சள் நிற முட்டைகள் தென்பட்டால், ஈரக் கையால் முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிடுவது முறை. திலாப்பியா வந்தேறி மீன் என்பதால் அதைப் பிடிப்பது பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் மகாவலிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சில மீனினங்கள் அருகிவருகின்றன. ஆகவே பெயர் தெரியாத உள்ளூர் ஆற்றுமீன் வந்தால் அதைக் கூடையில் போடாமல் விட்டுவிடும் பழக்கம் இளமையிலேயே வர வேண்டும். தொட்டியில் வளர்த்த வேற்று மீனை நீர்த்தேக்கத்தில் விடுவதோ, இரைக்கெனக் கொண்டுபோன உயிர்மீனைக் கொட்டுவதோ எக்காரணத்தாலும் ஆகாது.

பாதுகாப்பைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் தோட்டப் பிள்ளைகளுள் பலருக்கு ஓடை தெரியும், ஆழ்நீர் தெரியாது. நீர்த்தேக்கத்தின் அடி, ஒரு காலத்தில் மலைச்சரிவாகவும் வயல்வரப்பாகவும் வீட்டுத்திட்டாகவும் இருந்த நிலம். முழங்காலளவு நீரில் இரண்டடி முன்வைத்தவர் மூன்றாவது அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இறங்கிவிடலாம். எனவே குளித்தல் முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும் என்பதும், நீச்சல் அறியாத எந்தப் பிள்ளையும் உயிர்காப்பு அங்கியின்றி நீரோரம் நிற்கலாகாது என்பதும் புறப்படுமுன் வீட்டிலேயே சொல்லப்பட வேண்டும். ஒவ்வொரு நான்கு பிள்ளைகளுக்கும் ஒரு பெரியவர், தூண்டில் பிடிக்காமல், கைபேசி பாராமல், காவலுக்கென்றே அமர்ந்திருக்க வேண்டும். இந்தக் காவல் மணிக்கொரு முறை மாறலாம். மூடியிறுக்கிய வெற்று பிளாஸ்டிக் கேன் ஒன்றை நீண்ட கயிற்றில் கட்டிக் கரையில் தயாராக வைத்திருந்தால், தத்தளிப்பவரை நோக்கி எறிந்து இழுக்கலாம். நீச்சலறியாதவர் காப்பாற்றக் குதிப்பதால் ஒரு சாவு இரண்டாகின்றது. இடி முழங்கியதும் கம்புகளைக் கீழே போட்டுவிட்டு வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ செல்ல வேண்டும். கடைகளில் வாங்கும் காபன்நார்த் தூண்டில்கள் மின்னலை எளிதாகக் கடத்தும். மரத்தடியில் அடுப்பு மூட்டுமுன் மேலே குளவிக்கூடு உண்டா எனப் பார்ப்பதன் அவசியத்தைக் கொழுந்து மலையில் குளவிக்கொட்டு வாங்கியோர்க்கு விளக்கத் தேவையில்லை. காலில் வெட்டுக்காயம் உள்ளோர் சேற்றில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழிதிறப்பது. காயத்தை மூடி, திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கழுவுவதோடு, அடுத்த இரு வாரங்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால் மருத்துவரிடம் நீர்க்கரைக்குப் போனதைச் சொல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச நோயாளர் காவுவண்டியை அழைக்கலாம் என்பதைப் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

பாதையும் இதே அளவு கவனத்தைக் கோருகின்றது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைச் சரித்து, பல குடும்பங்களை நிலத்தோடு விழுங்கியது. அத்துயரங்களை நெஞ்சில் வைத்திருக்கும் மக்களுக்கு, வாடகை வேனில் இருக்கைக்கு மேல் ஆளேற்றக்கூடாது, இரவு விழித்துப் பணிபுரிந்த சாரதியிடம் அதிகாலைப் பயணத்தை ஒப்படைக்கக்கூடாது என்பவற்றை நினைவூட்டினால் போதும். முந்தின நாள் மாலையில், மண்சரிவு அபாயத்தைக் கணித்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் அறிவிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்டறிய வேண்டும்; எந்த நிறமேனும் அப்பகுதிக்கு அறிவிக்கப்பட்டிருந்தால் பயணத்தை மறு ஞாயிறுக்குத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. அதற்காகவே தொடக்கத்திலிருந்து இரண்டு ஞாயிறுகளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒற்றை நாளை மட்டும் நம்பியிருப்போர் ஏமாற்றத்தால் மழையிலும் புறப்பட்டுவிடுகின்றனர்.

இனி, அந்நாள் எவருக்குரியது என்பது. பயணம் என்றதும் தோட்டத்துத் தாய்மாரின் மனத்தில் முதலில் தோன்றுவது வேலைப் பட்டியலே: அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, சோறு கட்டி, பிள்ளைகளை உடுத்தி, கரையிலும் பரிமாறி, இரவில் வந்து பாத்திரம் கழுவி, மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்பது. வாரத்தில் ஆறு நாள் கூடை சுமந்த தோளுக்கு ஏழாம் நாளும் சுமையே கிடைத்தால், அதைக் குடும்ப மகிழ்ச்சி என்று அழைக்க எவருக்கும் வாய் வரலாகாது. எனவே வேலைப் பங்கீடு ஒரு வாரம் முன்னதாகவே, தாயும் இருக்கும்போது, வெளிப்படையாகப் பேசித் தீர்க்கப்பட வேண்டும்: ரொட்டி தந்தையும் மூத்த மகனும் சுடலாம், பிளேன்டீக்குச் சுடுநீரும் சீனியும் மகள் எடுத்துவைக்கலாம், கரையில் பரிமாறுவதும் கழுவுவதும் ஆண்களின் பொறுப்பாகலாம். தாய்க்கென ஒரு தூண்டில் தனியாகக் கட்டப்படட்டும். சாராயம் அந்த வேனில் ஏறவே கூடாது. நீரும் போதையும் சேர்ந்த இடத்தில் நேர்ந்த சாவுகளைத் தோட்டங்கள் போதுமான அளவு கண்டிருக்கின்றன, பிள்ளைகள் தந்தையைத் தெளிந்த முகத்தோடு ஒரு முழு நாள் காண்பது அவர்களுக்கு உரிய உரிமையும் ஆகும். முதியோரை வீட்டில் விட்டுச்செல்வதையும் தவிர்க்கலாம்: நிழலில் ஒரு பாயும், நடக்க எளிதான கரையும் தேர்ந்தால், கண்மாய்க் கதை கேட்டு வளர்ந்த தாத்தா தூண்டில் கட்டக் கற்பிப்பார், அந்தக் கலை அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேறு பள்ளிக்கூடம் இல்லை.

கிடைத்த மீனைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அன்றைய உணவுக்குத் தேவையான அளவே எடுக்கப்பட வேண்டும்; உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு மீன்கள் திரும்ப விடப்பட வேண்டும். எடுத்த மீனை உடனே நிழலில், ஈரச் சாக்கில் சுற்றி, முடிந்தால் ஐஸ் இட்ட பெட்டியில் வைத்து, குடலையும் செவுளையும் கரையிலேயே அகற்றினால் மீன் விரைவில் கெடாது; அகற்றிய கழிவை நீரில் எறியாமல் மேட்டில் குழி வெட்டிப் புதைத்தல் வேண்டும். வீட்டில் மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ச் சாறும் பூசி ஊறவைத்துப் பொரித்தால், கருவாட்டுக்குப் பழகிய பிள்ளைகளும் விரும்பி உண்பர். இது சுவையோடு நின்றுவிடும் செய்தியன்று: 2016ஆம் ஆண்டின் இலங்கை மக்கட்டொகை சுகாதார ஆய்வின்படி, நாடளவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்க, தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 வீதமாக இருந்தது. ஒரு நாள் தூண்டில் அந்த இடைவெளியை மூடிவிடாது. ஆயினும் காலடியிலுள்ள நீரில் நல்ல உணவு இருக்கின்றது என்பதையும், கரையூர் மீனவரிடம் அதை விலைக்கு வாங்கலாம் என்பதையும் குடும்பங்கள் அறிந்துகொண்டால், வாரத்துக்கு ஒரு முறையேனும் நன்மீன் பிள்ளைகளின் தட்டுக்கு வர வழி பிறக்கும். கரையை விட்டுப் புறப்படுமுன் அறுந்த நூற்துண்டுகள், முள், பிளாஸ்டிக் உறை, போத்தல் ஆகிய அனைத்தும் பொறுக்கியெடுக்கப்பட வேண்டும். நூற்துண்டு பறவையின் காலைச் சுற்றினால் அது இறக்கும் வரை விடாது. கரையில் கிடக்கும் முள் அடுத்த ஞாயிறு வேறொரு வீட்டுப் பிள்ளையின் பாதத்தில் ஏறும்.

இவற்றைத் தனித்தனிக் குடும்பமாகச் செய்வது கடினமாகத் தோன்றலாம். சேர்ந்து செய்தால் எளிது. ஒவ்வொரு தோட்டத்திலும் இளைஞர் மன்றமோ, கோயில் பரிபாலன சபையோ, மகளிர் குழுவோ இருக்கின்றது. ஆடி முடிவதற்குள் அவற்றுள் ஒன்று முன்வந்து, விருப்பமுள்ள குடும்பங்களின் பெயர்களை எழுதி, இரண்டு ஞாயிறுகளைக் குறித்து, அனுமதிக் கடிதத்தை ஒரே கடிதமாக எழுதிக் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகளைப் பொதுப்பணத்தில் வாங்கித் தோட்டத்துக்கே பொதுவுடைமையாக வைத்துக்கொள்ளுமாறு இம்மடல் வேண்டிக்கொள்கின்றது. அங்கிகள் இருந்தால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வேறு குடும்பங்கள் செல்லும். அனுமதி கேட்ட வழி ஒரு முறை திறந்துவிட்டால் கரையூராரோடு அறிமுகமும் நிலைக்கும். நீச்சல் அறிந்த ஓர் இளைஞரோ யுவதியோ முன்வந்து, பிள்ளைகளுக்கு நீரில் மிதக்கும் முறையையேனும் பாதுகாப்பான தடாகத்தில் முன்னரே கற்பித்தால், அந்த ஒரு செயல் பல உயிர்களுக்குக் காப்பாகும்.

மலையகத்தில் தமிழர் வாழத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இருநூறு ஆண்டுகளில் இம்மக்கள் நட்டவை, பறித்தவை, சுமந்தவை யாவும் கணக்கேடுகளில் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் ஓய்வெடுத்த நாட்களுக்கு ஏடு இல்லை. அந்த ஏட்டைத் தொடங்குவது தோட்டக் குடும்பங்களின் கையிலேயே இருக்கின்றது. ஆகவே நாளும் நீரும் முன்கூட்டியே தேரப்படட்டும். அனுமதி முறையாகக் கேட்கப்படட்டும். காவலுக்கு ஆள் நிற்கட்டும். தாய்மார் அமர்ந்திருக்க மற்றோர் பரிமாறட்டும். போன அனைவரும் பத்திரமாக வீடு திரும்பி, மறுநாட் காலைப் பெரட்டில் அந்த ஞாயிறைப் பற்றிப் பேசிக்கொண்டே மலைக்கு ஏறுவார்களானால், இம்மடல் தன் பணியை நிறைவேற்றியதாகும்.

இவ்வண்ணம்,
மலையகக் குடும்பங்களின் நலம் நாடுவோர்